கத்தரிக்கோல் எட்டாத இடம்

நண்பர் ஒருவர், ஏழு வயதுப் பெண்குழந்தையின் தந்தை, தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். தன்பாலீர்ப்பாளர்கள் மீதோ திருநர்கள் மீதோ தமக்கு எந்த வெறுப்பும் கிடையாது. ஆனால் அவர்களைப் பற்றித் தம் மகளிடம் எப்போது, எப்படிப் பேசுவது என்பதைத் தாம்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, அவள் பார்க்கும் ஒரு கார்ட்டூன் முடிவு செய்யக்கூடாது என்றார். அவர் மூர்க்கமானவர் அல்லர். சொன்னதும் ஒரு தகப்பனின் இயல்பான கவலைதான் என்பதால் மறுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. 2024 டிசம்பரில், தன் அனிமேஷன் பிரிவான பிக்சார் தயாரித்திருந்த ‘வின் ஆர் லூஸ்’ தொடரிலிருந்து ஒரு திருநர் சிறுமியின் கதையை நீக்கிவிட்டதை உறுதிசெய்த டிஸ்னி நிறுவனம், ஏறத்தாழ இதே காரணத்தைத்தான் சொன்னது. சில விஷயங்களைத் தாங்கள் விரும்பும் விதத்திலும் விரும்பும் காலத்திலும் பிள்ளைகளிடம் பேசவே பெற்றோர் பலர் விரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். ஒரு தந்தையின் வாயிலிருந்து வந்தபோது நியாயமாகத் தோன்றிய வாக்கியம், ஒரு பெருநிறுவனத்தின் அறிக்கையில் வந்தபோது ஏன் அப்படித் தோன்றவில்லை என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

சிறுவர் அனிமேஷன் தொடர்களில் பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோர், இடம்பெற்ற வரலாறு பெரும்பாலும் ‘முதல்முறையாக’ என்ற சொல்லை அடுக்கியே எழுதப்படுகிறது. முதல் முத்தம், முதல் திருமணம், முதல் இருபாலீர்ப்பு நாயகி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் பொய்யில்லை, ஆனால் அதைப் படித்து முடிக்கும்போது ஒரே படிக்கட்டில் ஒரே சீராக ஏறி வந்துவிட்டது போன்ற எண்ணம் ஏற்படுகிறது. அப்படியானால் 2024இல் நடந்ததை எந்தப் படியில் வைப்பது? ஆகவே நான் வேறோர் அளவுகோலை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தொடர்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு காட்சியைப் பிடிக்காத ஒருவர் அதை இல்லாமல் ஆக்க நினைத்தால், எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும்? ஒரு சொல்லையா, மூன்று விநாடிகளையா, ஓர் அத்தியாயத்தையா, அல்லது தொடரையேவா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் வரலாறு வேறு மாதிரியாகத் தெரிந்தது.

வசனத்தை மட்டும் மாற்றிய காலம்

ஜப்பானில் 1992இல் தொடங்கிய ‘செய்லர் மூன்’ தொடரில் ஜோய்சைட் என்ற வில்லன் இன்னோர் ஆண் வில்லனைக் காதலிப்பான். 1995இல் வட அமெரிக்காவுக்காக ஆங்கிலத்தில் குரல் மாற்றியபோது ஜோய்சைட்டுக்குப் பெண் குரல் கொடுத்துவிட்டார்கள், சிக்கல் தீர்ந்தது. தொடரின் மூன்றாம் பருவத்தில் வரும் ஹாருகாவும் மிச்சிருவும் காதலர்களான இரண்டு பெண்கள். 2000ஆம் ஆண்டு ஆங்கில வடிவத்தில் அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆனார்கள். படச்சுருளில் பெரிதாக எதையும் வெட்டத் தேவைப்படவில்லை. உறவுமுறையைச் சொல்லும் வசனம் மாறினாலே போதும் என்று நினைத்தார்கள். ஆனால் வரைந்தவர்களின் கை வரைந்தபடியேதான் இருந்தது. ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை, தோளில் சாயும் விதம், பிறர் முன்னிலையில் ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டும் தோரணை எல்லாம் அப்படியே இருக்க, காதில் மட்டும் சகோதரிகள் என்று விழுந்தது. மறைக்கப் போய் இன்னும் விசித்திரமான ஒன்றை உருவாக்கியதுதான் மிச்சம். 2014இல் தொடங்கிய புதிய ஆங்கில வடிவத்தில் எல்லாம் பழையபடி சரிசெய்யப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே காலத்தில், இதற்கு முன்பும் கூட, கார்ட்டூன்களில் பாலின எல்லையைத் தாண்டிய தோற்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்ஸ் பன்னி 1940களிலிருந்தே பெண் உடை உடுத்தி வேட்டைக்காரனை மயக்கியிருக்கிறது. 1998இல் வந்த ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ தொடரின் மிகப் பயங்கரமான வில்லனான ‘ஹிம்’, நண்டுக் கொடுக்குகளும் உயர்ந்த காலணிகளும் குழைந்து கொஞ்சும் குரலும் கொண்ட ஒரு சாத்தான். சிரிக்க வைக்கவும் பயமுறுத்தவும் இந்தத் தோற்றங்கள் பயன்பட்டவரை, குழந்தைகளிடம் இதைப் பேச இது காலமல்ல என்று நிறுவனங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் மரியாதையோடு நேசித்த இடத்தில்தான் கத்தரிக்கோல் வெளியே வந்தது.

இரண்டு அம்மாக்களும் ஒரு வாத்தியாரும்

2005இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். ஒளிபரப்பி வந்த ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் பஸ்டர்’ தொடரில், பஸ்டர் என்ற அனிமேஷன் முயல் நாட்டின் பல பகுதிகளுக்குச் சென்று உண்மையான குழந்தைகளைச் சந்திக்கும். வெர்மான்ட் மாநிலத்தில் மேப்பிள் மரச் சாற்றிலிருந்து சர்க்கரைப் பாகு காய்ச்சுவதைக் காட்டிய அத்தியாயத்தில், அவன் சந்தித்த குழந்தைகளின் வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். இத்தனை அம்மாக்களா என்று பஸ்டர் வியப்பதோடு அந்தப் பேச்சு முடிந்து, பாகு காய்ச்சும் வேலை தொடர்ந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் கல்வித் துறைச் செயலராகப் பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ், தம் துறையின் நிதி இதற்குச் செலவிடப்பட்டதை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். பி.பி.எஸ். அந்த அத்தியாயத்தை நிலையங்களுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ள, அதைத் தயாரித்த பாஸ்டன் நிலையம் தானே ஒளிபரப்பி, விரும்பிய மற்ற நிலையங்களுக்கும் கொடுத்தது. அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி வேண்டாம் என்றது.

பஸ்டர் தனியாகக் கிளைத்து வந்தது ‘ஆர்தர்’ என்ற தாய்த்தொடரிலிருந்து. அந்தத் தொடரில் 1996 முதல் கண்டிப்பான ஆசிரியராக இருந்துவந்த ராட்பர்ன், 2019 மே மாதம் ஒளிபரப்பான அத்தியாயத்தில் பேட்ரிக் என்ற சாக்லேட் கடைக்காரரை மணந்துகொண்டார். அதே அலபாமா நிலையம், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, மறுபடியும் மறுத்து ஒரு பழைய அத்தியாயத்தைப் போட்டது. அந்த அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாத்தியாருக்கு ஒரு சொந்த வாழ்க்கை இருக்கிறது என்பதுதான் மாணவர்களைத் திகைக்க வைக்கிறது. அவர் மணப்பது ஓர் ஆணை என்பது குறித்து ஒருவரும் ஒரு சொல் கூடச் சொல்வதில்லை. வாத்தியார்கள் நடனமாடுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. ஆனால் என் அளவுகோலின்படி இது எளிதில் வெட்டக்கூடியது. ஒரு நிலையம் இதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டது. தொடர் ஒரு சேதமும் இல்லாமல் தொடர்ந்தது. இந்த அளவுகோல் தரத்தை அளக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருமையான காட்சிகள் சில மூன்று விநாடியில் காணாமல் போய்விடக்கூடியவை.

2014ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் இந்த மூன்று விநாடிக் கலையின் உச்சத்தைப் பார்க்கலாம். ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ தொடரில், காதல் தேவன் ஒருவன் உணவகத்தில் இருப்பவர்களை இணைத்துவைக்கும் காட்சியில் இரண்டு மூதாட்டிகள் வரையப்பட்டிருந்தார்கள். டிஸ்னியின் உள்தணிக்கைப் பிரிவு தலையிட, ஒளிபரப்பில் அந்த இடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ‘கிளாரன்ஸ்’ தொடரில் இரண்டு ஆண்கள் உதட்டில் முத்தமிடுவதாக இருந்த காட்சி, கன்னத்தில் முத்தமிடுவதாக மாறியது என்று அதன் எழுத்தாளர் ஒருவர் பின்னர் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’ முடிந்தபோது, நாயகி கோராவும் அவளுடைய தோழி அஸாமியும் கைகோத்தபடி ஒளிக்குள் நடந்து சென்று, ஒருவரையொருவர் நோக்கித் திரும்பி நிற்பதோடு படம் மறைந்தது. அது காதல்தானா என்று ரசிகர்கள் வாதாடிக்கொண்டிருக்க, தொடரை உருவாக்கிய மைக்கேல் டிமார்ட்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் ஆம், காதல்தான் என்று எழுதி உறுதிசெய்ய வேண்டியிருந்தது. தொடரை வெளியிட்ட நிக்கலோடியன் நிறுவனம் ஆதரவாகவே இருந்தாலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த இறுதிக் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்க விரும்பாதவர் பார்க்காமலே இருந்துவிடும் வசதியோடு அது கட்டப்பட்டிருக்கிறது. கத்தரிக்க வேண்டிய அவசியமே எழாதபடி, கத்தரிப்பவரின் வேலையை வரைந்தவர்களே பாதி செய்து முடித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று கிடைத்த இடைவெளி அவ்வளவுதான்.

மூன்று கண்கள்

எல்லாம் மாறிய இடம் என்று நான் கருதுவது இதற்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு, 2015 மார்ச்சில் வந்தது. அது ஒரு முத்தக் காட்சியும் அன்று, ஒரு திருமணமும் அன்று.

கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2013இல் தொடங்கிய ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ தொடரை ரெபெக்கா ஷுகர் உருவாக்கினார். அந்த நிறுவனத்துக்காக ஒரு பெண் தனித்து உருவாக்கிய முதல் தொடர் என்று அதை அப்போது குறிப்பிட்டார்கள். பின்னாளில் ஷுகர், தாம் இருபாலீர்ப்பாளர் என்றும், ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காதவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். தொடரில் ஸ்டீவன் என்ற சிறுவனை வளர்ப்பவர்கள், வேற்றுக்கோளிலிருந்து வந்த மாணிக்க உயிர்கள் மூவர். அவர்களின் தலைவி கார்னெட். அதிகம் பேசாதவள், எதற்கும் கலங்காதவள், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கண்கள் கொண்டவள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ஒவ்வொரு மாணிக்க மணி பதிந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மணிதான் இருக்கிறது என்பதை ஏறத்தாழ ஐம்பது அத்தியாயங்கள் பார்த்தும் நம்மில் பலர் கேள்வியாக்கவில்லை. முதல் பருவத்தின் முடிவில் எதிரிகள் அவளைத் தாக்கிச் சிதறடித்து விண்கலத்தில் சிறை வைக்கும்போது, ஸ்டீவன் ஓர் அறையில் காண்பது கார்னெட்டை அல்ல. ரூபி என்ற சின்னஞ்சிறு சிவப்பு உயிரை. அவள் ஆத்திரத்தோடும் பதற்றத்தோடும் வேறொருத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னோர் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது. அங்கே இருப்பவள் சஃபயர், ஒற்றைக் கண் கொண்ட நீல நிறத்தவள். இருவரும் ஒருவரையொருவர் கண்டதும் ஓடிவந்து தழுவிக்கொள்கிறார்கள், ரூபி அவளைத் தூக்கிச் சுழற்றுகிறாள், சுழலும்போதே ஒளியாகி ஒன்றாகிறார்கள். அங்கே நிற்கிறாள் கார்னெட். ரூபிக்கு இரண்டு கண்கள், சஃபயருக்கு ஒன்று.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பு மட்டும்தான். இதன் தந்திரம் பின்னரே உறைத்தது. கார்னெட் என்பவள் காதலிக்கும் ஒரு கதாபாத்திரம் அல்லள், அவளே ஒரு காதல். அவள் நடந்தாலும் சண்டையிட்டாலும் ஸ்டீவனுக்குக் காலை உணவின்போது அறிவுரை சொன்னாலும், திரையில் இருப்பது ஒருவரையொருவர் பிரிய மனமில்லாத இரண்டு பேர். எந்தச் சட்டகத்தை வெட்டுவது? உறவு ஒரு காட்சியில் இருந்தால் காட்சியை நீக்கலாம். ஒரு வசனத்தில் இருந்தால் வசனத்தை மாற்றலாம். ஓர் உடலின் வடிவத்திலேயே, அந்தக் கண்களின் எண்ணிக்கையிலேயே உறவு இருக்கும்போது, நாயகர்களில் ஒருத்தியை முழுவதுமாகத் தொடரிலிருந்து எடுத்தெறிந்தாலொழிய அது போகாது. 2016 ஜனவரியில் பிரிட்டனில் இதே தொடரின் வேறோர் அத்தியாயத்தில் பேர்ல், ரோஸ் என்ற இருவரின் நெருக்கமான நடனம் சில விநாடிகள் குறைக்கப்பட்டது. அதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் அது ஒரு காட்சி.

இன்னொன்றும் உண்டு, அது நண்பரின் கவலையோடு நேரடியாகத் தொடர்புடையது. கார்னெட்டைப் புரிந்துகொள்ள ஒரு குழந்தைக்குப் பெற்றோரின் விளக்கவுரை எதுவும் தேவைப்படுவதில்லை. இருவர் ஒன்றாக இருக்கையில் வலிமையானவர்களாக இருக்கிறார்கள், சண்டையிட்டால் பிரிந்துவிடுகிறார்கள், பொய் சொன்னால் அந்த இணைப்பு நொறுங்குகிறது. இதைத் தங்கள் வீட்டிலேயே பார்த்துப் பழகியவர்கள்தாம் குழந்தைகள். மிக்கி எலியும் மின்னி எலியும் 1928 முதல் காதலித்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேச உரிய வயது எது என்று எந்தத் தந்தையும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டியும் இருந்ததில்லை. நண்பர் தள்ளிப்போட விரும்புவது உண்மையில் எதை என்று கேட்டுப் பார்த்தால், அது உடலுறவு பற்றிய பேச்சாக இருக்கலாம். அந்தப் பேச்சு இந்தத் தொடர்களில் எதிலும் கிடையாது. அவருடைய உரிமையை நான் மறுக்கவில்லை. தம் வீட்டில் எந்தத் தொடர் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அவருடைய உரிமைதான். ஆனால் அதே வகுப்பில் அவர் மகளுக்குப் பக்கத்தில் இரண்டு அம்மாக்களோடு வளரும் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால், அந்தக் குழந்தையின் வீடு எப்போது கதையில் வரலாம் என்பதையும் அவரே தீர்மானிப்பது அந்த உரிமைக்குள் அடங்காது. டிஸ்னியின் அறிக்கை எனக்குக் கசந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்: ஒரு தந்தை தம் வீட்டுக்குச் சொன்னதை அது எல்லா வீடுகளுக்கும் சேர்த்துச் சொன்னது.

காட்சியிலிருந்து தொடருக்கு

2018 ஜூலையில் ரூபிக்கும் சஃபயருக்கும் திருமணம் நடந்தது. வழக்கமாக முரட்டுத்தனமாகத் திரியும் ரூபி வெள்ளைத் திருமண உடையில் வந்தாள், அமைதியான சஃபயர் கோட்டு சூட்டில் வந்தாள். அந்தத் திருமணத்துக்காக உள்ளே எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை ஷுகர் பின்னர் விரிவாகவே பேசியிருக்கிறார். அடுத்த ஆண்டு, ஊடகங்களில் பால்புதுமையினர் சித்திரிப்பைக் கண்காணிக்கும் ‘கிளாட்’ அமைப்பின் சிறுவர், குடும்ப நிகழ்ச்சிக்கான விருது இத்தொடருக்குக் கிடைத்தது. திருமணம் நடந்த இரண்டு மாதங்களில் ‘அட்வென்ச்சர் டைம்’ தொடரின் இறுதி அத்தியாயத்தில் மார்சலின் என்ற பெண்ணும் இளவரசி பபிள்கமும் முத்தமிட்டுக்கொண்டார்கள். அந்த இருவருக்கும் இடையே ஏதோ பழைய மனத்தாங்கல் உண்டு என்பதை 2011இல் ஒரு பாட்டின் வழியாக முதலில் கசியவிட்ட ஸ்டோரிபோர்டுக் கலைஞர்களில் ஷுகரும் ஒருவர்.

பிறகு வந்தவர்கள் கார்னெட்டிடமிருந்து பாடம் கற்றார்கள் என்றே நினைக்கிறேன். என்.டி. ஸ்டீவன்சன் நெட்ஃபிளிக்ஸுக்காக மறுவடிவம் கொடுத்த ‘ஷீ-ரா’ 2020இல் முடிந்தபோது, உலகைக் காப்பதே கேட்ரா, அடோரா என்ற இரு பெண்கள் தங்கள் காதலைச் சொல்லிக்கொள்வதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் ஐந்து பருவங்களின் கதைக்கு முடிவே இல்லை. அதே ஆண்டு டிஸ்னியில் தொடங்கிய ‘தி அவுல் ஹவுஸ்’ தொடரின் நாயகி லூஸ் இருபாலீர்ப்பாளர். அமிட்டி என்ற பெண்ணோடு அவளுக்கு ஏற்படும் காதல் பக்கவாட்டுக் கதையாக இல்லாமல் தொடரின் முதுகெலும்பாகவே வளர்ந்தது. இப்படி ஒரு காதலைக் காட்ட முடியாது என்று முதலில் தம்மிடம் சொல்லப்பட்டதையும், தாம் விடாப்பிடியாக நின்றதையும் தொடரை உருவாக்கிய டானா டெரஸ் சொல்லியிருக்கிறார்.

ஆனால் காட்சியை வெட்ட முடியாமல் போனால் வெட்டும் ஆசை போய்விடுவதில்லை, வெட்டும் இடம்தான் மேலே நகர்கிறது. 2017 ஜூனில் கென்யாவின் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’, ‘கோரா’, ‘அட்வென்ச்சர் டைம்’, ‘கிளாரன்ஸ்’, ‘தி லவுட் ஹவுஸ்’, ‘ஹே அர்னால்ட்’ என்ற ஆறு தொடர்களையும் மொத்தமாகவே தடை செய்தது. ‘அவுல் ஹவுஸ்’, ஊடகப் படைப்புகளுக்கான மதிப்புமிக்க பீபாடி விருது பெற்ற தொடர். இருந்தும் அதன் மூன்றாம் பருவம் மூன்று சிறப்பு அத்தியாயங்களாகச் சுருக்கப்பட்டு 2023இல் முடிந்துபோனது. பால்புதுமைக் கதை இருந்ததால்தான் சுருக்கினார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. டெரஸே கூட அதைக் காரணமாகச் சொல்லவில்லை. தொடர்கதையாகச் செல்வதும் சற்று மூத்த பார்வையாளர்களைக் கொண்டிருப்பதும் நிறுவனத்தின் அடையாளத்துக்குப் பொருந்தவில்லை என்று முடிவானதாகத்தான் விளக்கினார். என்றாலும் ஒரு திருநர் சிறுவனையே நாயகனாக வைத்த ‘டெட் எண்ட்: பாராநார்மல் பார்க்’ தொடர் 2022 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்து, இரண்டு பருவங்களோடு 2023 ஜனவரியில் கைவிடப்பட்டதையும் சேர்த்துப் பார்க்கையில், வெட்ட முடியாதபடி கதை கட்டுபவர்கள் தொடரையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறதோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

‘வின் ஆர் லூஸ்’ இதில் எங்கே பொருந்துகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வேதனையளித்தது. ஒரு பள்ளிப் பந்தாட்ட அணியைப் பற்றிய எட்டு அத்தியாயத் தொடர் அது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவரின் கண்வழியே விரியும். ‘கை’ (Kai) என்ற பெயருடைய சிறுமி திருநர் என்பதைத் தெரிவிக்கும் சில வசன வரிகளை மாற்றியதோடு நீக்கம் முடிந்துவிட்டது. சிறுமி இருக்கிறாள், அவள் வரும் காட்சிகள் இருக்கின்றன, அவள் யார் என்பது மட்டும் இல்லை. அதாவது 2000ஆம் ஆண்டில் ஹாருகாவுக்கும் மிச்சிருவுக்கும் செய்த அதே வேலை, அதே முறையில்: வரைந்ததைத் தொடாமல் பேசுவதை மாற்றுவது. அன்று அதைச் செய்தவர்கள் வேறொருவரின் படைப்பை விலைக்கு வாங்கி வேறொரு நாட்டில் விற்றவர்கள். இன்று அதைச் செய்தது, தொடரை உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம். வெளியூர்ச் சந்தைக்காக மட்டும் அல்லாமல், மூல வடிவத்திலேயே. ‘செய்லர் மூன்’ ரசிகர்களுக்குத் தேடிப் போக ஒரு ஜப்பானிய மூலம் இருந்தது. இதற்கு அப்படி ஒன்று பொதுவெளியில் இல்லை.

கையின் பாத்திரத்துக்கு ஓர் உண்மையான திருநர் பெண்ணின் குரல்தான் வேண்டும் என்று தேடி, இளம் திருநங்கை நடிகை ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கதை நீக்கப்பட்ட பிறகும் அவரை மாற்றவில்லை. 2025 பிப்ரவரியில் தொடர் வெளியானபோது கை அவருடைய குரலில்தான் பேசினாள்.